ஓடுகிற தண்ணீரில் போட்ட கண்ணாடி

குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் அருவியைப் பற்றியே பேசுகிறார்கள். சாரல் அப்படி அடித்தது, காற்று இப்படி வீசியது, எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் நின்றால் உடம்பு பஞ்சாகிவிடும் என்கிறார்கள். பேசட்டும். அந்தத் தண்ணீர் அதற்கப்புறம் எங்கே போகிறது என்று ஒருத்தராவது கேட்டிருக்கிறார்களா? என் காதுபடக் கேட்டதில்லை. அது எங்கள் வயலுக்கு வந்தது. தண்ணீர் மட்டும் வந்திருந்தால் இத்தனை வயசுக்கு மேல் நான் ஏன் இப்படிப் பொருமிக்கொண்டு எழுத உட்காருகிறேன்?

நான் கடையத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த ஊர் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்தது. வீட்டின் பின்வாசலைத் திறந்தால் நாலு படி, படிக்குக் கீழே வாய்க்கால். அது குற்றாலத்தில் ஆற்றிலிருந்து பிரிந்து, அங்கே இருந்த காபி கிளப்புக்குப் பின்புறமாக வளைந்து, இரண்டு மைல் ஓடி எங்கள் வீட்டுப் புறவாசல்களைத் தொட்டுக்கொண்டு வயலுக்குப் போகும். கோடையில் வாய்க்கால் வற்றும்போது எல்லோரும் சேர்ந்து அதை வெட்டிச் சுத்தம் செய்வார்கள். அவரவர் வீட்டுக்குப் பின்னால் கிடக்கிற வண்டலை அவரவர் அள்ளித் தங்கள் வயலில் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்ல உரம் கிடையாது என்பார்கள். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் குற்றாலத்தில் சீசன், எங்களுக்குக் கார் நெல் நடவு. அங்கே அவர்கள் தண்ணீரில் நிற்கிற அதே நாட்களில் இங்கே எங்கள் வயலில் பெண்கள் சேற்றில் நிற்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் கண்ணாடி உடைந்தால் அந்தத் துண்டு அந்திக்கு மேல் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. விளக்கேற்றுவதற்குள் வெளியே போய்விட வேண்டும். தெருவில் கொட்டினால் போகிறவர் வருகிறவர் காலில் குத்தும், பாவம் வந்து சேரும். ஆகவே ஓடுகிற தண்ணீரில் போட்டுவிட வேண்டும், அது கொண்டு போய்விடும். எங்கே கொண்டு போகும்? அதை யோசிக்க ஒருத்தருக்கும் நேரமில்லை. தெருவில் நடக்கிறவர்களின் காலுக்கு அவ்வளவு இரக்கப்பட்ட ஊர், சேற்றில் வெறுங்காலோடு நிற்கிறவளின் காலை ஒரு நாளும் நினைக்கவில்லை. என்ன புண்ணியவான்கள்!

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்குச் சீராக வந்த சாமான்களில் இரண்டு கைவிளக்குகள் இருந்தன. அவற்றின் கண்ணாடிச் சிம்னிக்கு மேல்விளிம்பில் முத்துக் கோத்ததுபோல மணி மணியாக வேலைப்பாடு இருக்கும். என் அப்பா திருநெல்வேலிக் கடைகளில் தேடித் தேடி வாங்கியது. அந்த ஊரில் வேறு ஒரு வீட்டிலும் அந்த மாதிரி கிடையாது. எனக்கு அதில் கொஞ்சம் மிதப்புக்கூட இருந்தது. வந்த வருஷமே துடைக்கும்போது ஒன்றைக் கைதவறிப் போட்டு உடைத்தேன்.

"வெளக்கு வைக்கதுக்குள்ள வாய்க்கால்ல போட்டுட்டு வாட்டி. வாசல்ல வச்சுக்கிட்டு அழுதுகிட்டு நிக்கா பாரு!" என்றார்கள் மாமியார்.

போட்டேன். அழுதது சிம்னிக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை. வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ எல்லா வீட்டிலும் அப்படிப் போகும். காபி கிளப்பில் போனது கூடை கூடையாக. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

எங்கள் வயலில் நடவுக்கு முன்னால் நிற்பவள் ஒருத்தி இருந்தாள். என் வயதுதான் அவளுக்கும். புருஷன் செங்கோட்டையைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன், போனவன் போனவன்தான். ஒரு பெண் குழந்தை. இவள் நட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியும், இல்லாவிட்டால் எரியாது. ஆனால் அவள் நடுவதைப் பார்த்தால் பிழைப்புக்குச் செய்கிற மாதிரியே இருக்காது. முதல் நாற்று முடியை அவள் ஊன்றிக் குலவையிட்டால்தான் மற்றவர்கள் குனிவார்கள். பின்னால் எட்டு வைத்துப் போகிற அந்த நடையில் ஒரு தடுமாற்றம் இருக்காது. அவள் நட்ட வரிசையை நூல் பிடித்தது என்று என் வீட்டுக்காரரே சொல்வார். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது லேசு இல்லை.

ஒரு வருஷம் நடவின் மூன்றாம் நாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் கஞ்சிப் பானையோடு வரப்பில் வந்து நிற்கிறேன், வரிசை நடுவில் நின்றுபோயிருக்கிறது. அவள் வலது காலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். சேறு வழிந்த இடத்தில் சிவப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"என்னட்டி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல ஆச்சி, முள்ளு போலுக்கு."

முள்ளா அது? காலை மறுபடி சேற்றுக்குள் விட்டு, வரப்பு வரைக்கும் நட்டு முடித்துவிட்டுத்தான் கரையேறினாள். முன்னால் நிற்கிறவள் நடுவில் ஏறினால் மற்றவர்களுக்கும் வேலை நின்றுபோகுமாம். கரையேறிப் பார்த்தால் பெருவிரலுக்கு அடியில் வாய் பிளந்த மாதிரி கிழிந்திருந்தது. உள்ளே கண்ணாடி. மஞ்சளை அப்பித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வந்து இறங்கினாள். போடி வீட்டுக்கு என்று பிடித்துத் தள்ளியிருக்க வேண்டும் நான். தள்ளவில்லை. நடவு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது, அதுதான் காரணம். வேறு சாக்குச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

ஐந்தாம் நாள் காய்ச்சலில் அவளுக்கு நினைவு தப்பியது. வண்டியில் போட்டுத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். உள்ளே துண்டை எடுக்கும்போது நான் வெளியே நின்றேன், எனக்குப் பார்க்கத் தைரியமில்லை. எடுத்த துண்டைக் கழுவிக் கொடுக்கும்படி நினைவு திரும்பியதும் அவள் கேட்டு வாங்கிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாளாம். பிற்பாடு அவள் மகள் சொன்னாள். பத்து நாள் கழித்து, அழுகல் மேலே ஏறுகிறது என்று சொல்லிப் பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள்.

சேற்றில் பின்னால் நடக்கிறவளுக்குப் பெருவிரல்தான் பிடிமானம். அது இல்லாமல் மேட்டில் நொண்டி நடக்கலாம், சேற்றில் நிற்க முடியாது. அவளுக்கு எல்லாரையும்விட அது நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அடுத்த காருக்கு நான் நிக்க முடியுமா ஆச்சி?" என்பதுதான். முடியும் என்று சொன்னேன். பொய்தான் சொன்னேன்.

அன்றைக்கே நான் குற்றாலத்துக்கு வண்டி கட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் அப்போது வீட்டில் இல்லை. இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். நேரே அந்தக் காபி கிளப்பு வாசலில் போய் இறங்கினேன். சீசன் கூட்டம், உள்ளே இலைக்குக் காத்து நிற்கிறார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"ஏன் அண்ணாச்சி, உங்க கடைக் கண்ணாடி எங்க வயல்ல வந்து ஒருத்தி காலத் தின்னுட்டே, என்ன சொல்லுதிய?"

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "வாங்க ஆச்சி, நம்ம கடைச் சுத்தத்த நீங்களே வந்து பாருங்க" என்று பின்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு குழி. எச்சில் இலைகளை அடுக்கடுக்காகப் போட்டு மேலே சாம்பலும் மண்ணும் தூவியிருந்தது. ஈ இல்லை, நாற்றம் இல்லை. மக்கினதும் தென்னந்தோப்புக்குப் போகிறதாம். பொய் சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு எருக்குழிகூட அவ்வளவு சுத்தம் கிடையாது.

"எச்சி எல ஒண்ணு வாய்க்கால்ல விழுந்துச்சுன்னா எங்கிட்ட கேளுங்க. தண்ணில தீட்டுப் படாம காவக் காத்துட்டு வாறேன்."

"கண்ணாடி?"

"கண்ணாடில என்ன தீட்டு ஆச்சி? அது சுத்தமான சாமான். அதக் கொண்டாந்து எச்சிக் குழியில போட முடியுமா? கடையிலதான் வச்சுக்கிட முடியுமா? ஓடுத தண்ணில போட்டா அது பாட்டுக்குப் போயிருது. அதோட நமக்குச் சம்பந்தம் விட்டுப்போச்சு."

பின்சுவருக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்கு அடியில் பச்சைப் பசேலென்று மின்னுகிறது. சோடாக் குப்பி, குளிக்க வந்தவர்கள் விட்டுவிட்டுப் போன எண்ணெய்க் குப்பி, தைலக் குப்பி, விளக்குக் கண்ணாடி, எல்லாம் உடைந்து குவிந்து கிடக்கிறது. அட பாவி மனுஷா, வாழை இலையைப் புதைத்துக் காவல் காக்கத் தெரிகிறது, வெட்டுகிற சாமான் உனக்குச் சுத்தமா!

"அப்படியே இருந்தாலும் ஆச்சி, இங்கன இருந்து ஒங்க வயலு ரெண்டு மைலு. கண்ணாடி என்ன மிதந்தா வரும்?" என்றார்.

"மிதக்காது! முங்கிக்கிட்டே வந்து வெரல எடுத்துட்டுப் போயிருக்கு!" என்று கத்தினேன். இலைக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் வீடு வந்து சேருவதற்குள் சங்கதி வந்துவிட்டது. "கிளப்புக் கட வாசல்ல நின்னு சத்தம் போட்டியாமே. வீட்டுப் பொம்பள செய்ற காரியமா இது? ஊரு சிரிக்கி" என்றார் வீட்டுக்காரர்.

"ஒருத்திக்கு வெரலு போச்சு, ஊரு சிரிக்கா? நல்லாச் சிரிக்கட்டும்!" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. போகட்டுமே, எனக்கு நிம்மதிதான்.

மறு வருஷம் ஆனியில் அவள் வயலில் இறங்கிப் பார்த்தாள். முதல் முடியை ஊன்றினாள், குலவையிட்டாள். நாலு எட்டு பின்னால் வைத்தாள், மல்லாந்து விழுந்தாள். எழுந்து மறுபடியும் நின்றாள், மறுபடியும் விழுந்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கையில் இருந்த நாற்று முடியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது.

அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்தாள். தொழுவம் கூட்டுவாள், நெல் காயப் போடுவாள், சாயங்காலம் பின்வாசலில் உட்கார்ந்து விளக்குகளைச் சாம்பல் போட்டுத் துடைத்து வைப்பாள். எனக்கு மிச்சமிருந்த அந்த ஒற்றை மணிச் சிம்னியையும் அவள்தான் துடைப்பாள். அத்தனை வருஷத்தில் அது அவள் கையில் ஒரு கீறல் பட்டதில்லை.

நான் புறவாசல் சுவருக்கு வெளியே ஒரு பழைய மண்தாழியை வைத்தேன். எங்கள் வீட்டில் எது உடைந்தாலும் இனிமேல் இதில்தான் என்றேன். மாமியார் குதித்தார்கள். "ஒடஞ்ச கண்ணாடியச் சேத்து வச்சுக்கிட்டு அந்தியில வெளக்கு ஏத்துனா இந்த வீடு வெளங்குமாட்டி?" என்று தெருவுக்கே கேட்கக் கேட்டார்கள். வெளியேதானே இருக்கிறது என்றேன். பக்கத்து வீடுகளிலும் போய், எங்கள் தாழியில் கொண்டுவந்து போடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நாலு வீட்டில் கேட்டார்கள், நாற்பது வீட்டில் சிரித்தார்கள். கண்ணாடி ஆச்சி என்று பேர்கூட வைத்தாகிவிட்டது. தாழி நிறைந்தால் கொத்தனைக் கூப்பிட்டுச் சுண்ணாம்பில் குழைத்துச் சுற்றுச்சுவர் மேல் பதித்துவிடுவேன். அங்கே குத்தினால் திருடனைக் குத்தட்டும்.

கிளப்பு முதலாளிக்கு வருஷா வருஷம் சீசன் தொடங்குமுன் ஆள் அனுப்புவேன். இலைக் குழிக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கென்று இன்னொரு குழி வெட்டக் கூடாதா என்று கேட்பேன். ஆகட்டும் ஆச்சி என்று பதில் வரும். ஆகவில்லை. கால் போனது அவர் வீட்டில் இல்லையே!

பிறகு யுத்தம் வந்தது. சீமையிலிருந்து கப்பல் வருவது குறைந்தது. சிம்னி கிடைக்கவில்லை, குப்பி கிடைக்கவில்லை. ஒரு பங்குனியில் தென்காசியிலிருந்து ஒரு பாய் மாட்டுவண்டி, தராசு, சாக்குகளோடு வந்து இறங்கினார். உடைந்த கண்ணாடி எதுவானாலும் எடுத்துக்கொள்வாராம். ரயிலேற்றி எங்கோ அனுப்பினால் உருக்கிப் புதிதாக ஊதிவிடுகிறார்களாம். விலை சொன்னார்.

அவ்வளவுதான். எட்டு வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தியது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை, பாய் ஒரு தடவை சொன்னது ஊர் முழுக்க ஏறிவிட்டது. ஒரு துண்டு, ஒரு சில்லு வாய்க்காலில் விழவில்லை. வற்றிக் கிடந்த வாய்க்காலில் ஊரே இறங்கி மணலைச் சலித்தது. என் மாமியார், ஆமாம், அதே மாமியார்தான், உடைந்த தைலக் குப்பியைத் துணியில் சுற்றி நெல் வைக்கிற உள்ளறையில் பத்திரப்படுத்தினார்கள். அந்தி வந்தது, விளக்கேற்றினோம், வீடு இடிந்து விழவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது. ஒரு பெண்ணின் காலுக்கு இல்லாத மதிப்பு இந்தச் சில்லுக்கு வந்துவிட்டதே!

அவளும் ஒரு கூடையும் சின்ன மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு வாய்க்காலோடு மேலே போக ஆரம்பித்தாள். மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவளோடு போயிருந்த ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கிளப்பு முதலாளி தன் பின்சுவரை ஒட்டி வாய்க்காலுக்குக் குறுக்கே முள்வேலி போட்டிருக்கிறாராம். இவள் அதற்குள் புகுந்து கண்ணாடி பொறுக்கினாள் என்று திருடிப் பட்டம் கட்டி உட்கார வைத்திருக்கிறார்களாம்.

நான் போன வேகத்தில் வண்டிக்காரன் பயந்துபோனான். அங்கே பூவரச மரத்தில் பாயின் தராசு தொங்குகிறது. பக்கத்தில் ஏழெட்டுச் சாக்கு கட்டி நிற்கிறது. இவள் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் குறைக்காலை நீட்டிக்கொண்டு. கூடையை ஒரு சமையல்காரன் பிடுங்கி வைத்திருந்தான்.

"வாங்க ஆச்சி. ஒங்க ஆளு செஞ்ச காரியத்தப் பாருங்க. நம்ம கண்ணாடிய அள்ளிக்கிட்டுப் போறா" என்றார் முதலாளி.

"யாரு கண்ணாடி?"

"நம்மதுதான். எங்க கடையில ஒடஞ்சது, எங்க செவுத்துக்குப் பின்னால கெடக்கு. பெறவு யாருது?"

"தண்ணில போட்டாச்சு, சம்பந்தம் விட்டுப்போச்சுன்னு சொன்ன வாயி இதுதான? இன்னைக்குச் சம்பந்தம் எங்கன இருந்து வந்துச்சு? கண்ணாடி ஒங்களுதுன்னா இந்தக் காலும் ஒங்களுதுதான். எவன் போட்ட கண்ணாடியோ, அவன் எடுத்துக்கிடணும் இந்த நொண்டிக் காலையும்! சொல்லுங்க அண்ணாச்சி, எடுத்துக்கிடுதியளா?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கிளப்புக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அப்போது அவள் எழுந்தாள். நொண்டி நொண்டித் தராசுப் பக்கம் போனாள். முந்தியை அவிழ்த்து, உள்ளே இருந்த கந்தல் முடிச்சையும் அவிழ்த்து, ஒரு துண்டைத் தட்டில் வைத்தாள்.

"இதையும் போட்டு நிறுங்க பாய். எங்கால்ல கெடந்தது. மொதலாளி சாமான்தான, அவியளே எடுத்துக்கிடட்டும்."

பாய் தராசிலிருந்து கையை எடுத்துவிட்டார். முதலாளிக்கு முகம் செத்துப்போயிற்று. "கூடையக் குடுத்துருலே" என்று சமையல்காரனிடம் முணுமுணுத்தார். "அந்த முள்ளையும் எடுத்துரு" என்றார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு மார்பு நிமிர்ந்தது. எட்டு வருஷத்து ஆத்திரம் அன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது.

பாய் அந்தத் துண்டை எடுத்து அவளிடம் திருப்பிக் கொடுக்கப் போனவர், உள்ளங்கையில் வைத்து வெயிலில் பார்த்தார். "சோடாக் குப்பி இல்லையே ஆச்சி இது. சிம்னில்லா. நல்ல சீமைச் சாமான், வேலைப்பாட்டப் பாருங்க" என்று என் பக்கம் நீட்டினார்.

பார்த்தேன். அதுவரை அதை நான் பார்த்ததே இல்லை. மெல்லிய, வளைந்த கண்ணாடி. ஒரு ஓரத்தில் வரிசையாக நாலு மணி.

ஏழெட்டு வருஷம் தினமும் அந்தியில் என் ஒற்றைச் சிம்னியைத் துடைத்தவள் அவள். அந்த மணிகள் மேல் அவள் விரல் எத்தனை தடவை போய் வந்திருக்கும்! நான் முதலாளியைத் திட்டும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அள்ளிய வண்டலைத்தான் எங்கள் வயலில் போட்டோம். இரண்டு மைல் மிதந்து வர வேண்டிய அவசியமே அதற்கு இருக்கவில்லை.

கூட்டம் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளி உள்ளே போயிருந்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். எட்டு வருஷம் ஓயாமல் கத்திய வாய் எனக்கு அன்றைக்குத் திறக்கவில்லை.

அவள் பாயின் கையிலிருந்து துண்டை வாங்கி மறுபடியும் முந்தியில் முடிந்துகொண்டாள். கூடையை இடுப்பில் வைத்தாள்.

"வாங்க ஆச்சி, போவோம். பொழுது சாயுது. போய் வெளக்குத் தொடைக்கணும்" என்றாள்.